மதுரா சாலைக்குள் ஒரு விரிசல்

கச்சா எண்ணெயில் பெட்ரோல், டீசல் எல்லாம் பிரிந்து போன பிறகு அடியில் தங்குவது பிட்டுமென். நம் பேச்சில் தார். 1982-இல் தொடங்கிய மதுரா சுத்திகரிப்பு ஆலையில் அது டேங்கர் ஏறுகிறது. கலவை ஆலையில் 150 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஜல்லியோடும் கல்தூளோடும் புரண்டு, ஆறுவதற்குள் ரோலருக்கு அடியில் போய்விடும்.

எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் தார். ஆனாலும் சாலையின் குணம் அதனுடையது. விரைந்து போகும் லாரிக்கு விறைத்து நிற்கும். சிக்னலில் நிற்கும் லாரிக்கு மெல்ல இளகிக் கொடுக்கும்.

வண்டியின் ஒவ்வொரு அச்சும் கடக்கும்போது தார் அடுக்கு வளைகிறது, அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. நீளத்தில் பத்தாயிரத்தில் ஓரிரு பங்குதான் இழுவை. லட்சக்கணக்கான தடவை இழுபட்டபின், கல்லும் தாரும் ஒட்டிய இடத்தில் பிளவு விழுகிறது. பெரும்பாலும் கல்லை உடைக்காது. சுற்றிக்கொண்டு மேலே ஏறும். மதுரா சாலை ஓடும் டெல்லியின் மே மாத வெயிலில் தார் இளகி நுண்பிளவுகள் ஓரளவு ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஜனவரி இரவுக் குளிரில் தார் விறைத்துவிடும். அந்த இளக்கம் கிடைக்காது.

பிளவின் இந்தப் பயணம் நம் சாலை வடிவமைப்புக் கணக்கில் தெரிவதில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 37 விதிமுறை, தார் அடுக்கை, சுமை போனதும் பழைய நிலைக்குத் திரும்பும் வெறும் மீள்பொருளாக எடுத்துக்கொண்டு, சமவெளிச் சாலைகளுக்கு 35 டிகிரி என்ற ஒரே வெப்பநிலையை வைக்கிறது. சாலைப் பரப்பில் 20 விழுக்காடு விரிசல் விட்டால் ஆயுள் முடிந்தது. எளிய கணக்கு, அதனால்தான் நாடெங்கும் பயன்படுகிறது. ஆனால் நடுவில் நடந்தது எதுவும் அதில் இல்லை.

அந்த நடுப்பகுதியை எழுத வழி காட்டியவர் ரிச்சர்ட் ஷேப்பரி. உலோகத்தில் விரிசல் வளரும் வேகத்துக்கு 1960-களின் தொடக்கத்தில் பால் பாரிஸ் தந்த விதிக்குள், 1975-இல் அவர் காலத்தைக் கொண்டுவந்தார். சுமைக்குக் கீழே பொருள் எவ்வளவு மெதுவாக இளகுகிறதோ, அதிலிருந்தே விரிசலின் வேகத்தைக் கணக்கிடலாம் என்றார். இன்று கல்லையும் தாரையும் கணினியில் தனித்தனியே வரைந்து, பிளவு எந்தக் கல்லைச் சுற்றும் என்றுகூடப் பார்க்கிறார்கள். மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1952 முதல் மதுரா சாலையிலேயே இயங்கும் டெல்லியில், நம் கோடையையும் குளிரையும் சேர்த்த இந்தக் கணக்கு வடிவமைப்புக்குள் வந்தே ஆக வேண்டும்.

மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரியும்போதே அடைத்துவிட்டால் சாலை பிழைக்கும். விட்டால் ஜூலை மழை உள்ளே இறங்கி அடிமண் தளரும், இழுவை கூடும். இழுவை இரட்டித்தால் மிச்ச ஆயுள் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. இது அதே ஐஆர்சி சூத்திரம் சொல்வது.