எழுத்தைத் தேடி – 9: கடைசிக் குறி

"மனே, இந்த ஏட்டை எனக்கு வாசிக்க ஏலாது. ஆனா எங்க தொடங்குது, எங்க முடியுது எண்டு சொல்லுவன்."

வெல்லாவெளியில் ஒரு வீட்டுத் திண்ணை. பெரியவர் சிவப்புச் சீலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே ஓலைகள். கோத்திருந்த கயிறு நைந்து போயிருந்தது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலை மேல் பூசி, பழந்துணியால் துடைத்தார். எழுத்தாணி கீறிய பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கி நின்றது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. கொம்பைப் பார்த்தால் குறிலா நெடிலா என்று பிடிபடவில்லை.

அவருடைய விரல் முதல் ஓலையின் இடது ஓரத்தில் நின்றது. பிள்ளையார் சுழி. பிறகு கடைசி ஓலையின் கடைசி வரிக்குப் போனது. 'முற்றும்'. ஓலைகள் கலைந்து போனாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் அவருடைய தகப்பனார் கட்டை அடுக்குவாராம்.

நான் ஒவ்வோர் ஓலையாகப் படம் பிடிக்கத் தொடங்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"விளங்காததைப் படம் பிடிச்சு என்ன செய்யப் போறாய்?"

அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிக் கல்கத்தாவுக்குப் போவோம். சென்ற வாரம் ஜேம்ஸ் பிரின்செப்பை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

1837

பிரின்செப் நாணயச்சாலை அதிகாரி. அவருடைய மேசையில் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்து எடுத்த படிகள் கிடந்தன. எல்லாம் சின்னச் சின்ன வரிகள். ஓர் எழுத்துக்கூடத் தெரியாத நிலையில் அவர் ஒன்றைக் கவனித்தார்: ஏறக்குறைய எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன.

கோயிலில் தூணுக்குத் தூண் எதை எழுதி வைப்பார்கள்? நம் ஊர்க் கோயில் மணியிலும் குத்துவிளக்கிலும் இருப்பதைத்தான். இன்னாரின் உபயம்! அந்த இரண்டு எழுத்துகளும் 'தானம்' என்ற சொல். 'த'வும் 'ந'வும் கைக்கு வந்தன. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு மற்ற எழுத்துகளையும் அவர் படித்தார். யாராலும் படிக்க முடியாமல் கிடந்த பிராமி வாய் திறந்தது.

ஆனால் அதே எழுத்தில், வேறு தூண்களில் பேசிய 'பியதசி' என்ற அரசன் யார்? அதற்கு விடை இலங்கையிலிருந்து போனது. இங்கே அரசுப் பணியிலிருந்த ஜோர்ஜ் டர்னர், பாளி ஏடுகளை ஆராய்ந்து, அந்தப் பியதசி அசோகரே என்று அதே 1837இல் காட்டினார். தலைமுறை தலைமுறையாக ஓலை பார்த்து ஓலை எழுதிய கைகள் இல்லாவிட்டால், எழுத்து தெரிந்த பிறகும் அந்த அரசனை அன்று அடையாளம் கண்டிருக்க முடியாது. கல்லின் பூட்டை ஏடு திறந்தது!

எண்ணாக மாறிய எழுத்து

வரியின் கடைசியைக் கவனிக்கும் பிரின்செப்பின் சாவியை இன்னொரு பூட்டில் போட்டுப் பார்க்கத் துணிந்தவர் ஐராவதம் மகாதேவன். தமிழகத்தவர், இந்திய ஆட்சிப் பணி அதிகாரி, தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் ஊறியவர். பூட்டோ இன்னும் படிக்கப்படாத சிந்துவெளி எழுத்து.

விளக்கம் சொல்ல அவர் அவசரப்படவில்லை. முதலில் அடுக்கினார். முத்திரை, செப்புத் தகடு, பானை ஓடு என்று எழுத்துள்ள பொருள்களைத் திரட்டி, ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்து, வரிகளை எண் வரிசைகளாக்கிக் கணினியில் ஏற்றினார். எண்ணிமப்படுத்தல் என்று இன்று நாம் சொல்கிறோமே, அதை அவர் செய்தது 1970களில். 1977இல் இந்தியத் தொல்லியல் துறை அந்தத் தொகுப்பை நூலாக வெளியிட்டது. 2,906 பொருள்கள், 417 குறிகள், அவை வரும் இடங்கள் 13,372!

அந்த அட்டவணைகளில் ஒரு குறி எழுந்து நின்றது. வாய் விரிந்த குடம் போன்ற உருவம். குறிகள் வரும் இடங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றில் நிற்பது அதுதான். பெரும்பாலும் அது வந்து நிற்கும் இடம் எது தெரியுமா? வரியின் கடைசி!

சாஞ்சியில் கடைசியில் நின்றது 'தானம்'. சிந்துவெளியில் கடைசியில் நிற்பது என்ன? இன்றுவரை எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. வரிகள் சராசரியாக ஐந்தே குறிகள் கொண்டவை. ஒரே செய்தியை, தெரிந்த எழுத்திலும் தெரியாத எழுத்திலும் சொல்லும் கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 2018இல் மகாதேவன் மறைந்தார். அவருடைய தொகுப்பு மட்டும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சிந்துவெளி ஆய்வு மையம் வழியாக, எவரும் திரையில் தேடிப் பார்க்கும் வடிவில் வாழ்கிறது. அதை யாருக்கும் மறைக்கவில்லை என்பதுதான் அதன் பெருமை.

உலகின் மறுகோடியிலும் இதே கதைதான். யேல் பல்கலைக்கழகத்தில் உள்ள வோய்னிச் கையெழுத்துப்படி, 15ஆம் நூற்றாண்டுத் தோலில் எழுதியது, இன்னும் படிக்கப்படாதது. போர்க்காலச் சங்கேதங்களை உடைத்த வில்லியம் பிரீட்மனும் அதனிடம் தோற்றார். ஆனாலும் அவருடைய ஆய்வுத் தாள்களை வெர்ஜீனியாவில் பாதுகாத்து எண்ணிமப்படுத்தியிருக்கிறார்கள். தோற்றவரின் தாள் அடுத்தவருக்குப் படிக்கட்டு.

திண்ணைக்குத் திரும்புவோம்

"விளங்காததைத்தான் ஐயா முதலில் படம் பிடிக்க வேண்டும்" என்றேன். "விளங்கியதை நாலு பேர் மனதில் வைத்திருப்பார்கள். விளங்காதது இந்த ஓலையில் மட்டும்தான் இருக்கிறது."

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, நூல்களோடு படியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. அதை அறிந்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் அடுத்த ஓலையில் கரி பூசித் தந்தார்.

தெரிந்த எழுத்தும் தெரியாத எழுத்தும் சேர்ந்த ஒரு கல் கிடைக்கவில்லை என்றேன் அல்லவா? சிந்துவெளியில் கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் 1980ஐ ஒட்டி யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில், கார்த்திகேசு இந்திரபாலா தலைமையிலான பல்கலைக்கழகக் குழு ஒரு பெருங்கற்காலப் புதைகுழியைத் திறந்தது. உள்ளே ஒரு மனித எலும்புக்கூடு. அதனோடு சின்னஞ்சிறு முத்திரை ஒன்று.

மண்ணைத் துடைத்துப் பார்த்தார்கள். இரண்டு வரிகள். கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துகள், படித்துவிடலாம்.

மேல்வரியிலும் மூன்று குறிகள். அவை பிராமி அல்ல!

(அடுத்த வாரம்: மேல்வரி)