பள்ளிச் சமூகப்பணியாளர் பயிற்சி

பள்ளிச் சமூகப்பணியாளர் பயிற்சி என்பது, மாணவரின் வீடு, தெரு, குடும்ப வருமானம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்து அவரது படிப்பு நின்றுவிடாமல் காக்கும் பணிக்கான கல்வியும் களப்பயிற்சியும் ஆகும். இந்தியாவில் இதற்கான வழக்கமான வாயில் சமூகப்பணி முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் காரைக்கால் மாவட்டம் நிரவி கொம்யூனைச் சேர்ந்த விழிதியூர் போன்ற சிற்றூரிலிருந்து இப்பணிக்குப் போக விரும்புவோருக்கும் அதுவே வழி.

அமெரிக்காவில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்ட் நகரங்களில் 1906-07இல் வீடு தேடிச் செல்லும் ஆசிரியர்களை அமர்த்தியதிலிருந்து இத்தொழில் தொடங்கியது. இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்லூரி 1936இல் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் தலைமையில் பம்பாயில் அமைந்தது; இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி உருவானது.

எம்.எஸ்.டபிள்யூ. சேர ஏதாவது ஒரு இளநிலைப் பட்டம் பெரும்பாலும் போதும். அதைக் காரைக்காலிலேயே அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியிலோ முடிக்கலாம். சமூகப்பணி முதுகலைக்கு வெளியூர் போயாக வேண்டும். பக்கத்தில் இருப்பது திருவாரூரை அடுத்த நீலக்குடியில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். அடுத்தது காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம். இரண்டுமே மத்தியப் பல்கலைக்கழகங்கள் என்பதால் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் பிஷப் ஹீபர் கல்லூரியும் உள்ளன. வீட்டிலிருந்தே படிக்க நினைப்போருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பு உண்டு. எந்த அஞ்சல்வழிப் படிப்பானாலும், களப்பணியை யார் மேற்பார்க்கிறார் என்று விசாரித்துவிட்டுச் சேர்வது நல்லது. மேற்பார்வை வலுவில்லாவிட்டால் பட்டத்தால் பெரிய பயன் இல்லை.

ஏனென்றால் இப்படிப்பின் உயிரே களப்பணிதான். பொதுவாக வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் பள்ளி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று போய்வருவார்கள். பார்த்ததையும் பேசியதையும் அறிக்கையாக எழுதி மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். எழுதியதை அவர் கேள்வி கேட்டுத் துருவுவார்: தாய் அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்? அந்தப் பையன் சொன்னது என்ன, நீயாக ஊகித்தது என்ன? தனியாள், குழு, சமுதாயம் என்ற மூன்று நிலைகளில் பணி செய்யும் முறை வகுப்பில் கற்பிக்கப்படும். அந்தப் பாடம் கைக்கு வருவது இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான். இடையில் கிராம முகாம் ஒன்று வரும். இரண்டாம் ஆண்டில் சிறப்புப் பாடமும், ஏறத்தாழ ஒரு மாதம் ஒரே நிறுவனத்தில் தங்கிச் செய்யும் பயிற்சியும் உண்டு. பள்ளிப் பணியை விரும்புவோர் குழந்தை நலம் அல்லது மருத்துவ, மனநலப் பிரிவை எடுப்பது வழக்கம்.

பள்ளி ஆலோசகர் பெரும்பாலும் தம் அறையில் மாணவரைச் சந்திக்கிறார். சமூகப்பணியாளர் வீட்டுக்கே போகிறார். காரைக்கால் காவிரியின் கடைமடை. சம்பா அறுவடை நேரத்தில் கூலி வேலைக்குப் போகும் தாய், தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துவது உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. ஜூனில் பள்ளி திறக்கும்போது மீனவக் குப்பங்களில் கையில் காசு இருக்காது. பிள்ளை பள்ளிக்கு வராமல் போக இவை இரண்டு வேறு காரணங்கள்; வருகைப் பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே குறிதான். இந்த ஊர்ப்பஞ்சாங்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

சட்டம் தனிப் பாடம். கல்வி உரிமைச் சட்டம் (2009) உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. போக்சோ சட்டப்படி (2012) குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவதும் குற்றம். 'ரகசியம் காப்பேன்' என்று பிள்ளையிடம் முன்கூட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பயிற்சி பெறுபவர் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் (2015) குழந்தைகள் நலக் குழுவுக்கு அதிகாரம் தருகிறது. காரைக்காலில் இதில் ஒரு சிக்கல் சேர்கிறது. எல்லையில் உள்ள வாஞ்சூரைத் தாண்டி நாகூருக்குள் நுழைந்தால் தமிழ்நாடு: வேறு அரசு, வேறு துறை, வேறு நலக் குழு. இங்கே படிக்கும் பிள்ளையின் வீடு அங்கே இருந்தால் இரு பக்க அலுவலகங்களும் பழக்கமாயிருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 மட்டும் இரு பக்கத்துக்கும் பொது.

இப்பகுதியில் இப்பணியின் தேவையை 2004ஆம் ஆண்டு கொடுமையாகக் காட்டியது. ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை காரைக்கால், நாகப்பட்டினக் கரைகளைத் தாக்கியது. பெங்களூருவின் நிமான்ஸ் மனநல நிறுவன வல்லுநர்கள் அப்போது ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தனர். அது அவசரகாலப் பயிற்சி. முழுநேரப் பணியிடத்துக்கு ஈடாகாது.

படித்து முடித்தவர்கள் பள்ளி ஆலோசகர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப்பணியாளர், தொண்டு நிறுவன ஊழியர் என்று பல பெயர்களில் வேலைக்குப் போகிறார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24இல் சி.பி.எஸ்.இ.க்கு மாறின. அந்த வாரியத்தின் இணைப்பு விதிகள் ஆலோசகரைக் கேட்கின்றன. ஆனால் அப்பணிக்கு உளவியல் பட்டதாரிகளும் போட்டியிடுவார்கள். எத்தனை பணியிடம் தேவை என்பதற்கு ஓர் அளவுகோலாக, அமெரிக்கப் பள்ளிச் சமூகப்பணிச் சங்கம் 250 மாணவருக்கு ஒரு சமூகப்பணியாளர் என்று பரிந்துரைக்கிறது. மனநலச் சமூகப்பணியாளராக விரும்புவோருக்கு, எம்.எஸ்.டபிள்யூ.க்கு மேல் மனநலச் சமூகப்பணியில் எம்.ஃபில். பட்டத்தை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தகுதியாகக் குறிப்பிடுகிறது.