கிளூதா மெக்கன்சி: பார்வையிழந்த படைவீரரும் தமிழ்ப் பிரெயிலும்

கிளூதா மெக்கன்சி (1895–1966) நியூசிலாந்துப் படைவீரர். முதல் உலகப்போரில், 1915 ஆகஸ்டில், துருக்கியின் கலிப்பொலிப் போர்முனையில் காயமுற்று இரு கண் பார்வையையும் இழந்தார். அப்போது அவருக்கு வயது 20.

லண்டனில் ஆர்தர் பியர்சன் தொடங்கிய புனித டன்ஸ்டன் இல்லத்தில் பயிற்சி பெற்றார். பியர்சனும் பார்வையிழந்தவரே. பின்னர் மெக்கன்சி தம் நாட்டுப் படைவீரர்களுக்கான இதழின் ஆசிரியரானார். 1921இல் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

இரண்டாம் உலகப்போரில் பார்வையிழந்த இந்திய வீரர்களுக்காக 1943இல் டேராடூனில் அதே பெயரில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் மெக்கன்சி. தாம் பெற்ற பயிற்சியை இங்கே பிறருக்கு அளித்தார். 1950இல் இந்திய அரசு அவ்விடத்தைப் பார்வையற்ற பெரியவர்களுக்கான பயிற்சி மையமாக்கியது.

அக்காலத்தில் இந்திய மொழிகளில் பல பிரெயில் முறைகள் வழங்கின. ஒரு முறையில் கற்றவர் மற்றொன்றைப் படிக்க இயலாது. யுனெஸ்கோ இதைச் சீராக்க முனைந்தபோது அதன் பிரெயில் ஆலோசகராகப் பணியாற்றியவரும் மெக்கன்சியே. 1951இல் பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதன்படி தமிழ் ‘க’வுக்கும் இந்தி ‘க’வுக்கும் 1, 3 ஆகிய அதே இரு புள்ளிகள்தாம். இன்று பீளமேட்டில் ஒரு மாணவர் தமிழ்ப் பாடத்தைத் தடவிப் படித்தாலும் விரலில் படுவது அந்தப் புள்ளிகளே.