கட்டணம் வட்டியான வரலாறு



குச்சவெளியிலிருந்து திருகோணமலைக்குத் தொழிலுக்குச் செல்லும் நம் இளைஞனின் கையில் முதற்சம்பளத்தோடு கடனட்டையும் வந்து சேரும் காலம் இது. அவ்வட்டையின் வரலாற்றை அறிவது பயனுடையது.

1950ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் டைனர்ஸ் கிளப் வெளியிட்ட அட்டையில் வட்டி இருக்கவில்லை. உணவகத்தில் உண்டவர் மாத முடிவில் முழுத்தொகையையும் செலுத்திவிட வேண்டும். நிறுவனம் அங்கத்தவரிடம் கட்டணமும் உணவகத்தாரிடம் தரகும் பெற்றது, அவ்வளவே. 1958இல் பேங்க் ஒஃப் அமெரிக்கா பிரெஸ்னோ நகர மக்களுக்குச் சுமார் 60,000 அட்டைகளை, அவர்கள் கேளாமலேயே, தபாலில் அனுப்பிற்று. ஒரு பகுதியைச் செலுத்தினாற் போதும், மீதிக்கு வட்டி என்பது அதன் ஏற்பாடு. இன்றைய கடனட்டை இதன் வழிவந்ததே.

நம் நாட்டில் 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு வருடத்திற்கு 18 வீதம் என உச்ச எல்லை விதித்தது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அவ்வெல்லை நீங்கியது. அவ்வருடமே வங்கிகள் 36 வீதம் வரை உயர்த்தின. பின்னர் அது குறைந்தது உண்மையே. ஆயினும் 18ஐக் கண்டு கையொப்பமிட்டவர் இரண்டே வருடத்தில் இருமடங்கு செலுத்த நேர்ந்ததே!

நுண்கடனின் துயரை நம் மாவட்டம் நன்கறியும். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் நுண்கடன் நிவாரணம் அறிவித்தபோது திருகோணமலையும் அதில் அடங்கிற்று. அவ்வருட இறுதியில் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் உச்ச எல்லையாயிற்று. ஏழைத் தாய்மாருக்கு அன்று விதிக்கப்பட்ட எல்லையையும், படித்தவர் பையிலிருந்த அட்டை 2022இல் கடந்து சென்றது.

36 வீதம் என்பது மாதத்திற்கு 3 வீதம். ஓர் இலட்சம் ரூபா நிலுவையுள்ளவர் குறைந்தபட்சக் கொடுப்பனவென 5,000 ரூபா செலுத்துவதாகக் கொள்வோம். அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். கடன் குறைவது 2,000 மட்டுமே. முழுத்தொகையும் செலுத்தப்படாவிடின், புதிதாக வாங்கும் பொருளுக்கும் பொதுவாக வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். அட்டையால் காசு எடுத்தாலோ, தவணைச் சலுகையே இல்லை; எடுத்த அன்றே கட்டணமும் வட்டியும் தொடங்கிவிடும். தாமதக் கட்டணம் வேறு.

கட்டணம் எது, வட்டி எது என்பதை 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஆராய்ந்தது. வழங்கும் சேவைக்குரிய நிலையான கட்டணத்தை அது அனுமதித்தது. தொகைக்கேற்பக் கூடும் காசெடுப்புக் கட்டணத்தையோ வட்டியென்றே கொண்டது. வட்டி நிபந்தனையுள்ள அட்டையை, தவணைக்குள் செலுத்திவிடும் எண்ணமிருந்தாலும் பெறலாகாது என்றும் தீர்மானித்தது. இவ்விறுதி விடயத்தில் மாற்றுக்கருத்துடைய அறிஞர்களும் உளர்.

பயணச்சீட்டுப் பதிவுக்கும் இணையக் கொள்வனவுக்கும் பெரும்பாலும் டெபிட் அட்டையே போதுமானது. கணக்கிலுள்ள பணம் மட்டுமே அதனால் செலவாகும். அதற்கும் வருடக் கட்டணம் அறவிடுவார்கள். ஆனால் அது கட்டணம்தான்.