ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்கவும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பல வீடுகளில், கிறிஸ்துமஸ் விருந்துக்கு வருகிறவர்கள் கோட்டைக் கழற்றி மாட்டியதும் முதலில் கண்ணில் படுவது நண்டு டிப். ஒரு கட்டி கிரீம் சீஸ், கொஞ்சம் மயோனைஸ், எலுமிச்சைச் சாறு, சில சொட்டு வூஸ்டர்ஷயர் சாஸ், மேலே தூவ ஓல்டு பே மசாலா, ஒரு பவுண்டு நண்டுச் சதை. எல்லாவற்றையும் கலந்து அவனில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வைத்தால் முடிந்தது. ரொட்டித் துண்டாலோ உப்பு பிஸ்கட்டாலோ அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். இதைச் செய்யத் தனித் திறமை எதுவும் வேண்டாம் என்பதுதான் இதன் புகழுக்கே காரணம்.

இந்தச் செய்முறை கொஞ்சம் கொஞ்சம் மாறி நூற்றுக்கணக்கான சமையல் புத்தகங்களில் இருக்கிறது. தேவாலயப் பெண்கள் சங்கங்கள் நிதி திரட்டுவதற்காக அச்சிட்ட, சுருள்கம்பி போட்ட புத்தகங்களிலும் இருக்கிறது. (அவற்றில் பல பெண்கள் தங்கள் குறிப்பின் கீழே சொந்தப் பெயரைப் போடாமல் கணவர் பெயருக்கு முன்னால் 'திருமதி' என்று போட்டுக்கொண்டார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை.) அளவுகள் மாறும், சீஸ் மாறும். ஆனால் ஒரு வரி மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை: நண்டுச் சதையில் ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடவும்.

செய்முறையில் மற்ற எல்லாம் ஆலையிலிருந்து வருகின்றன. கிரீம் சீஸில் எதையும் தேடிப் பொறுக்கச் சொல்வதில்லை. நண்டுச் சதையில் மட்டும் பார்க்கச் சொல்கிறார்கள். காரணம், அது இன்னொருவர் கையால் எடுக்கப்பட்டது, கை என்றால் எங்காவது தவறும். ஒன்றரை நூற்றாண்டு காலப் பெண்களின் உழைப்பு விருந்து மேசைக்கு வந்து சேரும்போது எஞ்சியிருக்கும் ஒரே தடயம் அந்த வரிதான், அதுவும் ஒரு குறையாகவே பதிவாகியிருக்கிறது.

வேலையைச் சொல்கிறேன். செசபீக் விரிகுடாவின் நீல நண்டு நம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. ஆவியில் வேகவைத்து மேசையில் குவிப்பார்கள். சிறிய, கூரான கத்தியால் மேலோட்டைப் பெயர்த்து, செவுளை வழித்து, கால்களை வெட்டி, உடம்பின் உள்ளே அறை அறையாக இருக்கும் சுவர்களைத் திறந்து சதையை எடுக்க வேண்டும். நீந்தும் பின்காலை அசைக்கும் தசைதான் பெரிய கட்டி. அதற்குத்தான் விலை அதிகம். அது உடைந்தால் தரம் ஒரு படி கீழே போகும். ஒரு பவுண்டு சதைக்கு ஆறேழு பவுண்டு நண்டு வேண்டும். கூலி பெரும்பாலும் பவுண்டுக் கணக்கு. அவசரப்பட்டால் கட்டி உடையும், ஓட்டுத் துணுக்கும் சேரும்; நிதானமாகச் செய்தால் அன்றைய பவுண்டு குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் கத்தியோட்டுவதைத்தான் 'படிப்பு தேவையில்லாத வேலை' என்று பதிவேடுகள் எழுதின. இயந்திரங்களை முயன்று பார்த்திருக்கிறார்கள். பெரிய கட்டியை உடையாமல் எடுக்க இன்றும் கைதான்.

இந்த வேலையின் தலைநகரம் கிறிஸ்ஃபீல்ட். 1860களில் ரயில் வந்த பிறகு எழுந்த ஊர். சிப்பி ஓடுகளைக் கொட்டித் தூர்த்த நிலத்தின் மேல் ஊரின் ஒரு பகுதியே நிற்கிறது. ஐஸ் பெட்டிகளில் சிப்பியும் நண்டும் இங்கிருந்து பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் போயின. ஆண்கள் படகில், பெண்கள் கொட்டகையில். நண்டு எடுக்கும் மேசைகளில் மிகுதியும் கறுப்பினப் பெண்கள். விடிவதற்கு முன்பே வேலை தொடங்கும். சேர்ந்து தேவாலயப் பாடல்கள் பாடுவார்கள். அந்தப் பாட்டைப் பற்றி நெகிழ்ந்து எழுதியவர்கள் உண்டு. கூலியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அந்தக் கூலி 1938இல் குறைக்கப்பட்டது. கிறிஸ்ஃபீல்டின் கறுப்பினப் பெண்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். சி.ஐ.ஓ. கூட்டமைப்பைச் சேர்ந்த, பண்ணை, பதனத் தொழிலாளர்களுக்கான சங்கம் அவர்களோடு நின்றது. சுமார் ஐந்து வாரம் வேலைநிறுத்தம் நீடித்தது. வெள்ளையர் கும்பல்கள் மிரட்டின, சங்க அமைப்பாளரின் காரை எரித்தன. பெண்கள் பின்வாங்கவில்லை, முதலாளிகள்தான் இறங்கி வந்தார்கள். இன வெறியும் பொருளாதார மந்தமும் ஒன்றாக அழுத்திய ஒரு சிறு ஊரில், பண்ணைக்கும் சமையலறைக்கும் வெளியே வேறு வேலை கிடைக்காத பெண்கள் இதைச் செய்தார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

அதே 1938இல்தான் அமெரிக்காவின் நியாயமான உழைப்புத் தரச் சட்டம் வந்தது. ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 25 சென்ட் என்று நாடு முழுவதற்கும் விதித்த சட்டம். கடலுணவைப் பதப்படுத்தும் வேலைக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. வயலில் கூலி வேலை செய்தவர்களுக்கும் வீட்டு வேலை செய்தவர்களுக்கும் அதன் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கறுப்பினப் பெண்கள் எந்தெந்த வேலைகளில் இருந்தார்களோ அந்த வேலைகளாகவே தேடி வெளியே விட்டதுபோல் இருக்கிறது. கரையில் நடக்கும் கடலுணவு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்க 1961ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது மேசையின் மறுபக்கம் போவோம். டிப்பைக் கலக்கிய பெண்ணும் ஓய்ந்திருந்தவள் அல்ல. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது குடி வீட்டுக்குள் நுழைந்தது. கூடவே கொறிக்கும் சிறு பண்டங்களும் வந்தன. அப்போது வசதியுள்ள வீடுகளில் தட்டேந்த வேலைக்காரப் பெண் இருந்தாள். இரண்டாம் உலகப் போர் அவளைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டது. போர் முடிந்த பின் பலர் திரும்பி வரவில்லை, ஏன் வர வேண்டும்? ஆக, 1950களின் புறநகர் இல்லத்தரசி ஒரே நேரத்தில் சமையல்காரியும் பரிமாறுகிறவளும், சிரித்தபடி கதவைத் திறக்கும் வீட்டுக்காரியும் ஆனாள். கணவனின் மேலதிகாரி விடுமுறைக்கால விருந்துக்கு வந்தால் அவனுடைய பதவி உயர்வின் ஒரு பங்கு இவள் தட்டில் இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது.

டிப் இவளைக் காப்பாற்றியது. ஒரே கிண்ணத்தை நடுவில் வைத்துவிட்டால் அவரவரே எடுத்துக்கொள்வார்கள். லிப்டன் நிறுவனத்தின் வெங்காய சூப் பொடியைப் புளித்த கிரீமில் கலக்கும் டிப் இந்தக் காலத்தில்தான் நாடெங்கும் பரவியது. பெக் பிராக்கன் 1960இல் 'ஐ ஹேட் டு குக் புக்' என்று, சமைக்கப் பிடிக்கவில்லை என்பதைத் தலைப்பிலேயே போட்டு ஒரு புத்தகம் எழுதினார். பெட்டி ஃப்ரீடனின் புத்தகத்துக்கு மூன்று ஆண்டு முன்பே வந்த அந்தச் சிரிப்பை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். டப்பாவைத் திறந்து கொட்டிய பெண்ணைச் சோம்பேறி என்று பழித்தவர்கள் யாரும் அடுப்படியில் அவளுக்குப் பதில் நின்றவர்கள் அல்லர். ஆனால் ஐந்து நிமிடத்தில் கலந்த டிப்பின் பின்னால் இன்னொருத்தியின் முற்பகல் முழுவதும் இருந்தது. ஓய்வு ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது, அதைக் கொடுத்தது இன்னொரு பெண். வேலையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய ஆண் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிறிஸ்துமஸ் காலத்தில் மேரிலாந்தில் நண்டு பிடிப்பதில்லை. குளிர் வந்தால் நண்டு விரிகுடாவின் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். புதிதாக எடுத்த சதை ஐஸில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். டப்பாவில் அடைத்து, மிதமான சூட்டில் பாஸ்டரைஸ் செய்து, குளிரில் மாதக்கணக்கில் வைக்கும் முறை 1950களில் நிலைபெற்ற பிறகு, கோடையில் எடுத்த சதையையே டிசம்பர் விருந்துக்கு வைக்க முடிந்தது. அந்த டிசம்பரில் அதை எடுத்தவளுக்கு நண்டுக் கூலி கிடையாது. சிப்பி உடைக்கும் வேலை கிடைத்தால் உண்டு.

எல்லாக் கொட்டகையும் ஒன்றல்ல. செயின்ட் மைக்கேல்ஸ் என்ற ஊரில் கோல்போர்ன், ஜூவெட் என்ற இரு கறுப்பின ஆண்கள் 1902இல் தொடங்கிய கடலுணவு நிறுவனம் அந்த ஊரின் பெரிய வேலைகொடுப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. நண்டுச் சதையை லம்ப், பேக்ஃபின், ஸ்பெஷல், கிளா என்று தரம் பிரிக்கும் முறையை வகுத்தவர் ஜூவெட் என்று சொல்கிறார்கள். ஸ்மித் தீவில் கதை வேறு. அங்கே வெள்ளையினப் பெண்கள் கணவர் கொண்டுவந்த நண்டை வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் உடைத்து விற்றுவந்தார்கள். உரிமம் இல்லை என்று மாநிலச் சுகாதார அதிகாரிகள் நெருக்கியபோது, 1990களில் டைலர்டன் கிராமத்துப் பெண்கள் கூட்டுறவு சேர்ந்து, விதிப்படி ஒரு கட்டடம் எழுப்பி, தாங்களே நடத்தினார்கள். தலைமுறைகளாக 'வீட்டு வேலையோடு கொஞ்சம் கைவேலை' என்றிருந்தது அப்போதுதான் தொழில் என்ற பெயர் பெற்றது.

கறுப்பினப் பெண்களின் மகள்கள் இந்த மேசைகளுக்கு வரவில்லை. டார்செஸ்டர் கவுண்டியின் கேம்பிரிட்ஜ் நகரில் 1963இல் குளோரியா ரிச்சர்ட்சன் தலைமையில் நடந்த போராட்டம் வேலையையும் வீட்டையும் சேர்த்தே கேட்டது. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் என்று மற்ற கதவுகள் மெல்லத் திறந்தன. 'அமெரிக்கர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை' என்று முதலாளிகள் சொல்லத் தொடங்கினார்கள். இந்தக் கூலிக்கு வருவதில்லை என்று சொல்லியிருந்தால் வாக்கியம் முழுமையாகியிருக்கும்.

1986ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கிய எச்-2பி என்ற பருவகால விசாவில் மெக்சிகோவின் கிராமப் பெண்கள் வந்தார்கள். அதே டார்செஸ்டர் கவுண்டியின் ஹூப்பர்ஸ் தீவில் இன்று நண்டு எடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு ஏழெட்டு மாதம். விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அவரை விட்டால் நாட்டையும் விட வேண்டியிருந்தது. 2010இல் ஒரு சட்டக் கல்லூரியும் புலம்பெயர் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், ஆள்பிடிக்கும் தரகருக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்ததையும், தீவில் வெளியுலகத் தொடர்பின்றி இருந்ததையும் இந்தப் பெண்கள் சொன்னார்கள். 2018இல் விசாவைக் குலுக்கல் முறையில் ஒதுக்கியபோது பல நிறுவனங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை, கொட்டகைகள் மூடிக் கிடந்தன. நண்டு இருந்தது, வாங்க ஆள் இருந்தது, எடுக்கக் கை இல்லை. இந்தத் தொழிலில் யார் மையம் என்று அந்த ஒரு பருவம் காட்டியது.

பெண்களை நண்டிடம் கொண்டுவருவதற்குப் பதில் நண்டைப் பெண்களிடம் கொண்டுபோகும் வழியையும் கண்டுபிடித்திருந்தார்கள். மேரிலாந்தின் ஃபிலிப்ஸ் உணவக நிறுவனம் 1990இல் பிலிப்பைன்ஸில் ஆலை தொடங்கியது. நீலக்கால் நண்டு வேறு இனம், சுவையும் சற்று வேறு, ஆனால் கட்டி பெரியது. இந்தோனேசியா, தாய்லாந்து, பிறகு நம் கரை. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் 'நண்டு கம்பெனி' என்று பேர்பெற்றவை இவைதான். போருக்குப் பின் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்க் கரைகளின் நண்டும் பெரிய அளவில் அமெரிக்கச் சந்தைக்காகவே பதப்படுத்தப்பட்டது. மலிவான இறக்குமதி தங்களை அழிக்கிறது என்று அமெரிக்க உள்ளூர் முதலாளிகள் முறையிட்டார்கள். 2000இல் அந்நாட்டு வணிக ஆணையம் அந்த முறையீட்டை ஏற்கவில்லை.

பாக் நீரிணைக் கரையில் வலையிலிருந்து நண்டைக் கழற்றுவதும் பெண்கள், ஆலை மேசையில் உடைப்பதும் பெண்கள். தலைக்குத் தொப்பி, கையில் அதே சிறிய கத்தி. எதிரே தட்டுகள் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு தரத்துக்கும் ஒன்று. ஜம்போ, லம்ப், பேக்ஃபின், ஸ்பெஷல், கிளா.