குழந்தையின் கரப்பானும் மெத்மெத் பிளாஸ்டிக்கும்... சம்பந்தம் இருக்கா?

குழந்தையின் கன்னத்திலோ, கை கால் மடிப்பிலோ தோல் சிவந்து, செதில் செதிலாகத் தடித்துவிட்டால் போதும்... ``கத்தரிக்கா, கருவாடுனு கரப்பான் பண்டம் ஏதும் சாப்பிட்டியா?'' என்று பால் கொடுக்கும் அம்மாவைத்தான் திண்டுக்கல் பக்கத்துப் பாட்டிகள் முதலில் விசாரிப்பார்கள். இப்போது வாட்ஸ்அப் இன்னொரு குற்றவாளியைக் காட்டுகிறது: பிளாஸ்டிக்!

விஷயம் முழுப் பொய்யில்லை. விறைப்பான பி.வி.சி பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்க `தாலேட்' எனும் ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். இவை பிளாஸ்டிக்கோடு பிணைந்துவிடாமல் சும்மா ஊறித்தான் கிடக்கின்றன. அதனால் மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொள்ளும். தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறதே குழந்தை, அதற்குத்தான் அதில் பெரிய பங்கு.

ஸ்வீடனில் குழந்தைகளின் படுக்கையறைத் தூசியை ஆராய்ந்து 2004-ல் ஓர் ஆய்வு வெளியானது. கரப்பான் (டாக்டர்கள் சொல்லும் எக்ஸிமா) உள்ள குழந்தைகளின் அறைத் தூசியில் ஒருவகை தாலேட் அதிகமாக இருந்தது. கர்ப்பத்திலேயே அதே ரசாயனத்தை அதிகம் எதிர்கொண்ட குழந்தைகளுக்கு 2 வயதுக்குள் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுதல் என நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு 2012-ல் சொன்னது. ஆனால், தொடர்பு வேறு, காரணம் வேறு. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. பரம்பரையும் வறண்ட சருமமும்தான் இன்றும் முக்கியக் காரணங்கள்.

அதனால் கலர் குடங்களைத் தெருவில் வீசாதீர்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்றிருந்தால், அந்த வகை பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்க தாலேட் தேவையில்லை. 3 என்றால்தான் பி.வி.சி. அமுக்கினால் `கீச்' என்று கத்தும் பொம்மை, குழந்தைக்கு அடியில் விரிக்கும் வழவழ ஷீட், ரெக்சின் உறை, தரையில் ஒட்டும் வினைல் விரிப்பு... சந்தேகப்பட வேண்டியவை இவைதான். தினமும் ஈரத்துணியால் தரையைத் துடைத்து, குழந்தையின் கையை அடிக்கடி கழுவினாலே தூசி குறையும்.

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். அந்தத் தரவிதிகளில் தாலேட் சோதனையும் உண்டு. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவில் பொம்மை வாங்கினாலும் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாத மெத்மெத் பொம்மையைப் பல் முளைக்கும் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், கடிக்காமல் விடாது!

பவுடரையும் மறக்க வேண்டாம். பவுடர், லோஷன், ஷாம்பு போட்ட குழந்தைகளின் சிறுநீரில் தாலேட் கழிவு அதிகமிருந்ததை 2008-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நல்ல செய்தி, உடல் இதை ஓரிரு நாளில் வெளியேற்றிவிடும். வரத்தைக் குறைத்தால் அளவும் சீக்கிரமே குறையும்.

என்னைக் கேட்டால், பிளாஸ்டிக்குக்கு முன்னால் சோப்பைக் கவனியுங்கள். உப்பு போர் தண்ணீரில் நுரை வராது. கூட ரெண்டு தேய் தேய்ப்போம், சருமம் இன்னும் வறண்டுபோகும். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, ஈரம் காய்வதற்குள் டாக்டர் சொன்ன மாய்ஸ்சரைசரையோ, சுத்தமான தேங்காய் எண்ணெயையோ தடவுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் `படை' க்ரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். பலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு இருக்கிறது, பிஞ்சுத் தோலை மெலியவைத்துவிடும். டாக்டர் அளவு சொல்லி எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பு வேறு. அதைப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

நீர் கசிந்து மஞ்சளாகப் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.