நல்ல கண்ணை ஏன் மறைக்கிறோம்?

குழந்தையின் ஒரு கண்ணில் பார்வை குறைவு. வைத்தியரோ நல்ல கண்ணை மறைக்கச் சொல்கிறார். "தெரியிற கண்ணையும் மூடுறதோ?" என்று எங்கள் வீடுகளில் அம்மம்மாமார் கேட்பார்கள்.

இதற்கு விடை தந்தவர்களில் ஒருவர், எங்கள் மொன்றியலில் வளர்ந்து மக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்ற டேவிட் ஹியூபெல். பூனைக்குட்டியின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்தால் மூளை அந்தக் கண்ணைக் கைவிடுவதை அவரும் டோர்ஸ்டன் வீசலும் 1960களில் காட்டினர். 1981இல் நோபல் பரிசு பெற்றனர். பிள்ளைகளுக்கும் இதுவே நடக்கிறது. நல்ல கண்ணை மறைத்தால்தான் மூளை மற்றக் கண்ணைப் பாவிக்கப் பழகும். பிந்தினால் பலன் குறையும்.

முதல் நாட்களில் பிள்ளை அழும், பிய்த்தெறியும். மங்கலாகத் தெரிவதால் வரும் தடுமாற்றம் அது. நித்திரை கலையுமுன் ஒட்டிவிடலாம். கைகளுக்கு மெல்லிய காலுறை போடலாம். தூக்குமுன் குரல் கொடுப்போம். கடும் நிற விளையாட்டுப் பொருட்களைக் கிட்டக் காட்டுவோம். பழைய துறைமுகப் பக்கம் தள்ளுவண்டியில் உலாத்தினால் கவனம் மாறும்.

விழித்திருக்கும் நேரமே கணக்கு. வைத்தியர் சொன்ன நேரத்தைக் கூட்டவும் வேண்டாம்; நல்ல கண் பாதிக்கப்படலாம். பாவம் பார்த்துக் கழற்றவும் வேண்டாம்.